மின்னல் பையனும் பெண்டியம் பெட்டியும்

கேமரன் மலையில் குடியிருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாலை மழை விட்டு, தேயிலைச் சரிவின் மேல் பனி இறங்கத் தொடங்கிவிட்டால் பிள்ளைகளை வெளியே விளையாட விட முடியாது. ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்தான் அடைந்து கிடக்க வேண்டும். முன்பெல்லாம் தாயக்கட்டை, பல்லாங்குழி, கேரம் என்று பொழுது போகும். இப்போது கைப்பேசி வந்துவிட்டது. அதற்குள்ளேயே சதுரங்கமும் இருக்கிறது. பையன் குனிந்த தலை நிமிராமல் ஆடுகிறான். கால் மணி நேரம் கழித்து முகம் சுருங்கிப் போகிறது.

"என்னடா, மறுபடியும் தோத்துட்டியா?"

"ஆமாம்பா."

"மிசினுகூட மோதி எவன்டா ஜெயிச்சான்? போய்ப் பாடத்தைப் படி."

இந்தப் பேச்சு உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். தகப்பனார் சொல்வது இன்றைய நிலைக்குச் சரிதான். ஆனால், மிசினோடு மோதி ஜெயித்தவர் ஒருவர் உண்டு. அதுவும், உலகத்தின் முதல் ஆட்டக்காரரையே அந்த மிசின் கவிழ்த்துப் போட்ட அதே போட்டியில்! அவர் நம் தமிழ்ப் பிள்ளை. நான்கு ஆண்டுக்குப் பிறகு அவரே இன்னொரு மிசினிடம் தோற்றும் போனார். ஜெயித்த கதையைவிட அந்தத் தோற்ற கதையில்தான் நம் பிள்ளைகளுக்கு விஷயம் அதிகம் என்பது என் எண்ணம். இரண்டையும் சொல்கிறேன், கேளுங்கள்.

1994ஆம் ஆண்டு ஆகஸ்டு 31. நம் நாட்டில் சுதந்திர தினக் கொண்டாட்டம். அதே நாளில் லண்டன் மாநகரில் இன்டெல் நிறுவனத்தின் ஆதரவில் ஒரு விரைவுச் சதுரங்கப் போட்டி நடந்துகொண்டிருந்தது. விரைவுச் சதுரங்கம் என்றால் என்ன? பெரிய போட்டிகளில் ஒரே ஆட்டம் ஐந்து மணி, ஆறு மணி நேரம் ஓடும். ஒரு காயை நகர்த்த அரை மணி நேரம் யோசிப்பாரும் உண்டு. விரைவு ஆட்டத்தில் அதெல்லாம் நடக்காது. லண்டன் போட்டியில் ஆளுக்கு 25 நிமிடம். ஆட்டம் முழுவதற்கும் அவ்வளவுதான். மேசை மேல் இரண்டு முகம் கொண்ட கடிகாரம் இருக்கும். நீங்கள் காயை நகர்த்திவிட்டுப் பொத்தானை அழுத்தினால் உங்கள் முள் நின்று எதிராளியின் முள் ஓடத் தொடங்கும். பலகையில் எத்தனை காய் மிச்சம் இருந்தாலும் நேரம் தீர்ந்தால் தோல்விதான்.

அந்தப் போட்டியில் ஆடியவர்களில் ஒருவருக்கு மூச்சு இல்லை. செஸ் ஜீனியஸ் என்று அதற்குப் பெயர். ரிச்சர்ட் லாங் என்ற ஆங்கிலேயர் எழுதிய கம்ப்யூட்டர் ஆட்டம் அது. பெண்டியம் சில்லு வைத்த ஒரு பெட்டியில் அது ஓடியது. பெண்டியம் அப்போதுதான் சந்தைக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசிக்கு முன்னால் அந்தப் பெட்டி ஒரு கிழட்டு மாட்டு வண்டி.

முதல் சுற்றில் அதன் எதிரே வந்து உட்கார்ந்தவர் யார் தெரியுமா? கேரி காஸ்பரோவ்! அப்போதைய உலக வெற்றி வீரர். 1985 முதல் அந்தச் சிம்மாசனத்தில் இருந்தவர். ரஷ்யச் சிங்கம் என்றே சொல்லலாம். இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் சிங்கம் தோற்றது. இரண்டாவது சமநிலையில் முடிந்தது. ஒன்றரைக்கு அரை என்ற கணக்கில் உலக வீரர் முதல் சுற்றிலேயே வெளியேறினார். அடுத்து பொஸ்னியாவின் கிராண்ட்மாஸ்டர் நிக்கோலிச். அவரையும் பெட்டி வீழ்த்தியது.

அரையிறுதியில் அதன் முன் வந்து உட்கார்ந்தவர் 24 வயது இளைஞர். மூக்குக் கண்ணாடி, அமைதியான முகம். பெயர் விஸ்வநாதன் ஆனந்த். ஊர் சென்னை. இரண்டு ஆட்டம் ஆடினார். இரண்டையும் ஜெயித்தார். காஸ்பரோவைத் தோற்கடித்த பெட்டி 2-0 என்ற கணக்கில் ஊர் திரும்பியது.

எப்படி முடிந்தது? அதைச் சொல்வதற்கு முன், அவர் வளர்ந்த கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஆனந்த் பிறந்தது 1969 டிசம்பர் 11. ஆறு வயதில் அவருக்குச் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய தாயார் சுசீலா அம்மையார். தகப்பனார் ரயில்வே அதிகாரி. அவருக்கு பிலிப்பைன்ஸில் வேலை கிடைத்ததால் குடும்பம் சில காலம் மணிலாவில் இருந்தது. அங்கே தொலைக்காட்சியில் பகல் நேரத்தில் ஒரு சதுரங்க நிகழ்ச்சி. ஒரு புதிர் போடுவார்கள், விடை எழுதி அனுப்பினால் பரிசாகப் புத்தகம். பையன் அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் இருப்பான். தாயார் என்ன செய்தார்? நிகழ்ச்சி முழுவதையும் பார்த்து, புதிரை எழுதி வைத்துக்கொள்வார். பையன் வந்ததும் இருவரும் உட்கார்ந்து விடை கண்டுபிடிப்பார்கள். பரிசு மேல் பரிசு! கடைசியில் நிகழ்ச்சிக்காரர்கள் பையனைத் தங்கள் புத்தக அறைக்கே அழைத்துப் போய், வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கொள், இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே என்று சொல்லி அனுப்பினார்களாம். வீட்டில் பெரிய வசதி எதுவும் வேண்டியிருக்கவில்லை பாருங்கள். ஒரு தாள், ஒரு பென்சில், பிள்ளையோடு உட்கார ஒரு தாய்.

சென்னையில் அவர் போய் ஆடிய இடம் தால் சதுரங்கக் கழகம். சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கியது. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவல் ஆரோன் அதை முன்னின்று நடத்தியவர். அந்த ஆரோன் பிறந்தது பர்மாவில். கடல் கடந்து போன தமிழ்க் குடும்பங்களிலிருந்து வந்த புகழ்களில் அதுவும் ஒன்று! கழகத்தில் மின்னல் ஆட்டம் ஆடுவார்கள், ஆளுக்கு ஐந்தே நிமிடம். ஆடக் காத்திருப்போர் பலர். ஆகவே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஜெயித்தவர் எழ வேண்டாம், அடுத்த ஆளோடு ஆடலாம். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். மறுபடி முறை வர எவ்வளவு நேரம் ஆகுமோ! எழுந்துவிடக் கூடாது என்ற ஆசையிலேயே பையனின் கை வேகம் கூடியது. பெரியவர்கள் ஒரு காய்க்குப் பத்து நிமிடம் யோசிக்கும் போட்டியில் இவர் முழு ஆட்டத்துக்கும் அரை மணி நேரம்கூடச் செலவழிக்காமல் எழுந்து போவார். 'மின்னல் பையன்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1987ல் உலக இளையோர் பட்டம். 1988ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர்.

ஆக, லண்டனில் அந்த 25 நிமிடம் மற்றவர்களுக்குக் கழுத்தில் கட்டிய கல். ஆனந்துக்கு அது தாராளமான நேரம். அவர் ஜெயித்ததற்கு நான் காணும் முதற் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணத்தை விளங்கிக்கொள்ள, மிசின் எப்படி ஆடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சுலபமாகவே சொல்கிறேன்.

ஆட்டம் தொடங்கும்போது வெள்ளைக்கு 20 நகர்த்தல்கள் உண்டு. எட்டுச் சிப்பாய்களும் ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ போகலாம், அது 16. இரண்டு குதிரைகளும் ஆளுக்கு இரண்டு இடம் தாவலாம், அது 4. கறுப்புக்கும் அதே 20. ஆகவே ஆளுக்கு ஒரு முறை நகர்த்தியதும் 400 வழிகள். ஆளுக்கு இரண்டு முறை நகர்த்தினால்? 197,281 வழிகள்! இன்னும் ஒரே ஒரு நகர்த்தல் சேர்ந்தால் நாற்பத்தெட்டு லட்சத்தைத் தாண்டும். மிசின் செய்வது இந்த வழிகளில் புகுந்து புகுந்து பார்ப்பது. ஒவ்வொரு வழியின் முடிவிலும் நின்று, யாரிடம் எத்தனை காய், யார் ராஜா பத்திரம் என்று மதிப்பெண் போடும். அதிக மதிப்பெண் வரும் வழியைத் தேர்ந்தெடுக்கும். அதற்குச் சலிப்பு இல்லை, மறதி இல்லை, பயம் இல்லை. ஆனால் எங்கேயாவது ஓரிடத்தில் பார்ப்பதை நிறுத்தியாக வேண்டும். நேரம் போதாதல்லவா? அந்த இடத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அக்காலத்து மிசினுக்குத் தெரியாது.

தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்குப் பனி இரவில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது உடனே விளங்கும். விளக்கு வெளிச்சத்தில் சாலை பத்து கஜம் தெரியும். அதற்குள் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் குழியும் பளிச்சென்று தெரியும். அடுத்த வளைவு தெரியாது. ஆனால் முப்பது வருஷமாக அந்தப் பாதையில் லாரி ஓட்டுகிறவருக்கு வெளிச்சம் எதற்கு? இந்த வளைவு முடிந்ததும் ஓடை, ஓடை தாண்டியதும் ஏற்றம் என்று மனசுக்குள் பாதை ஓடும். அன்றைய மிசின் விளக்கை நம்பி ஓட்டியது. ஆனந்த் போன்றவர்கள் பாதையை அறிந்து ஓட்டினார்கள். கல்லில் ஏறிவிடும் ஆபத்து மனிதருக்கு உண்டு. ஆனால் தப்பான பாதையில் வெகு தூரம் போய்விடும் ஆபத்து மிசினுக்கு.

ஆகவே அக்காலத்தில் மிசினை எதிர்க்க ஆட்டக்காரர்களிடையே ஒரு வழி இருந்தது. அடிதடியான ஆட்டத்தில் இறங்காதே. அங்கே கணக்குப் புலி அதுதான். சிப்பாய்களைக் கோத்து நடுப்பலகையை அடைத்துவிடு. முடிந்தால் ராணிகளை வெட்டி எடுத்துவிடு. இருபது நகர்த்தலுக்குப் பிறகு பலன் தரும் சிறு நன்மையைச் சேர்த்து வை. மிசின் ஆபத்தைக் காணும்போது காலம் கடந்திருக்கும். சொல்லச் சுலபம். 25 நிமிடத்துக்குள், ஒரு தவறும் செய்யாமல், அதை ஆடிக் காட்டுவதற்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். காஸ்பரோவுக்கே அன்று கைகூடவில்லை.

மிசினைச் சதுரங்கம் ஆட வைக்கும் ஆசை புதியதல்ல. ஆலன் டியூரிங் என்ற ஆங்கில மேதை, ஆட்டத்தை ஓட்டத் தகுந்த கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே அதற்கான விதிகளைத் தாளில் எழுதிவிட்டார். 1952ல் தானே மிசினாக உட்கார்ந்து, எழுதிய விதிப்படி கணக்குப் போட்டுப் போட்டு ஒரு நண்பரோடு ஆடினார். ஒரு நகர்த்தலுக்கு அரை மணி நேரம் பிடித்ததாம். 29வது நகர்த்தலில் அந்தத் தாள் மிசின் தோற்றது. அங்கிருந்து லண்டன் பெட்டிக்கு 42 ஆண்டு.

நம்மவர்களுக்கு இந்த ஆட்டத்தோடு அதைவிடப் பழைய உறவு. திருவாரூர் மாவட்டத்தில் திருப்பூவனூர் என்று ஒரு தலம் உண்டு. சுவாமியின் பெயரே சதுரங்க வல்லபநாதர். சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாத அரசகுமாரியை, சிவபெருமான் கிழவராக வந்து ஆடி ஜெயித்து மணம் புரிந்தார் என்பது தல புராணம். அந்த ஆட்டத்துக்குக் கடிகாரம் வைத்தார்களா என்று புராணம் சொல்லவில்லை!

இனி தோற்ற கதை.

1998 ஜூலை. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு எதிரே இஸ்கியா என்று ஒரு தீவு. அங்கே ஆனந்துக்கும் ரெபல் 10 என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்துக்கும் எட்டு ஆட்டப் போட்டி. ரெபலை எழுதியவர் ஹாலந்து நாட்டு எட் ஷ்ரோடர். பிரம்மாண்டமான எந்திரம் எதிலும் அது ஓடவில்லை. கடையில் வாங்கக்கூடிய சாதாரணக் கம்ப்யூட்டர்தான். முந்தின ஆண்டு, 1997 மே மாதம், ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று ஆறு ஆட்டப் போட்டியில் வென்றிருந்தது. ஆனால் டீப் புளூ ஆள் உயரப் பெட்டிகளில் அடங்கிய ராட்சதன். விநாடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்க்கும். ரெபல் அப்படியல்ல. வீட்டு மேசையில் வைக்கலாம்.

இஸ்கியாப் போட்டியில் ஓர் அருமையான ஏற்பாடு செய்திருந்தார்கள். அதனால்தான் எனக்கு அந்தப் போட்டி மேல் இத்தனை பிரியம். எட்டு ஆட்டத்துக்கும் ஒரே நேரக் கணக்கு இல்லை. முதல் வகை மின்னல் ஆட்டம். ஆளுக்கு 5 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 5 விநாடி கூடுதல். அப்படி நான்கு ஆட்டம். இரண்டாவது வகையில் ஆளுக்கு 15 நிமிடம், இரண்டு ஆட்டம். மூன்றாவது, முறையான பெரிய ஆட்டம். நாற்பது நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம். அதுவும் இரண்டு.

முடிவைப் பாருங்கள். மின்னல் ஆட்டத்தில் மிசின் 3, ஆனந்த் 1. கால் மணி ஆட்டத்தில் மிசின் ஒன்றரை, ஆனந்த் அரை. பெரிய ஆட்டத்தில் ஆனந்த் ஒன்றரை, மிசின் அரை. கூட்டினால் 5க்கு 3 என்று மிசினுக்கு வெற்றி.

அதே மனிதர். அதே மிசின். அதே தீவு. மாறியது கடிகாரம் மட்டும்தான். கடிகாரம் மாறியதும் ஜெயித்தவர் மாறினார்!

நேயர்களே, இதை நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். உலகிலேயே கை வேகமான ஆட்டக்காரர் என்று பேரெடுத்தவர் தோற்றது எதில்? வேகத்தில். தன் பலம் என்று உலகம் சொன்ன அதே இடத்தில் மிசின் அவரைப் பிடித்தது. நிதானமாக யோசிக்க நேரம் கிடைத்த இடத்தில் அவர் மேலே நின்றார். லண்டனில் 25 நிமிடம் அவருக்குப் போதுமாக இருந்தது. நான்கே ஆண்டில் மிசின் வளர்ந்த வளர்ச்சியில் இஸ்கியாவில் 15 நிமிடம் போதவில்லை. மனிதர் யோசிக்கும் வேகம் அதேதான். மிசின் வேகம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போனது. ஆகவே பெரிய ஆட்டத்திலும் அந்த மேன்மை வெகு நாள் நிற்கவில்லை. 2006ல் ஜெர்மனியின் பான் நகரில் அப்போதைய உலக வீரர் கிராம்னிக் டீப் பிரிட்ஸ் என்ற ஆட்டத்திடம் 4-2 என்று தோற்றார். அதில் ஓர் ஆட்டத்தில், மிசின் ஒரே நகர்த்தலில் ராஜாவை மடக்கப் போவதை அவர் கவனிக்கவே இல்லை. அந்த நகர்த்தல் சதுரங்கம் படிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். உலக வீரருக்குத் தெரியாதா? களைப்பு, நேரம், மனம். இவை மூன்றும் மிசினுக்குக் கிடையாது. 2009ல் அர்ஜென்டினாவில் ஒரு கைப்பேசி மனிதர்களோடு போட்டியில் ஆடிப் பத்து ஆட்டத்தில் ஒன்பதரைப் புள்ளி எடுத்தது. அதோடு கதை முடிந்தது. இன்று மனிதருக்கும் மிசினுக்கும் சரிசமமான போட்டி என்று யாரும் பெரிதாக நடத்துவதில்லை.

நம் மலையிலும் ஒரு மிசின் கதை உண்டு. இதை எழுதும்போதெல்லாம் அது என் கண் முன் வந்து நிற்கிறது. 1929ல் ரசல் துரை போ தோட்டத்தைத் தொடங்கிய காலம் தொட்டு இந்தச் சரிவுகளில் கொழுந்தெடுத்தது நம் பெண்களின் விரல்கள். இரண்டு இலை, ஒரு மொட்டு. முற்றிய இலையை விரல் தொட்டதும் அறியும், விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். கண் பார்ப்பதற்கு முன் கை பறித்து முடித்திருக்கும். பிறகு கத்தரி வந்தது. அப்புறம் இருவர் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு நிரை மேல் நடத்திப் போகும் மோட்டார் மிசின் வந்தது. அது இலையைத் தேர்ந்தெடுக்காது. மட்டத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதை எல்லாம் அரிந்து பையில் தள்ளும். ஆனால் ஒரு நாளில் அது முடிக்கும் பரப்புக்கு எத்தனை விரல் ஈடு கொடுக்கும்? மிசின் போக முடியாத செங்குத்துச் சரிவில் இன்றும் கைக்கத்தரிதான். விரலால் கிள்ளுவது இங்கே அரிதாகிவிட்டது. அந்த விரல்களுக்குச் சொந்தக்காரர்களான பாட்டிமார்கள் இப்போது பேரப்பிள்ளைகளுக்குத் தலை பின்னுகிறார்கள்.

சதுரங்கத்திலும் அப்படித்தானே ஆகியிருக்க வேண்டும்? மிசின் ஜெயித்த மறுநாளே பலகையை மடித்துப் பரணில் போட்டிருக்க வேண்டுமே? ஆகவில்லை! முன்னைவிட அதிகம் பேர் ஆடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் எனக்குத் தோன்றுவது இதுதான். தேயிலைக்கு நிறுவைத் தராசு உண்டு. எத்தனை கிலோ என்பதே கேள்வி, எந்தக் கை பறித்தது என்று குடிப்பவர் கேட்பதில்லை. சதுரங்கத்தில் கேட்கிறோம். யார் யோசித்தார், எந்த வயதில், எந்த நெருக்கடியில் என்பதைப் பார்க்கத்தான் ஜனங்கள் கூடுகிறார்கள். லாரி வேகமாகப் போகிறது என்பதற்காக ஓட்டப் பந்தயத்தை யாரும் நிறுத்தவில்லை அல்லவா? பாட்டிமார்களின் விரலுக்கு மட்டும் அப்படி ஒரு மேடை கிடைக்காமல் போயிற்று. அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஆனந்த் என்ன செய்தார்? முறைத்துக்கொண்டு நிற்கவில்லை. 1999ல் ஸ்பெயின் நாட்டு லியோன் நகரில் புது விதமான ஒரு போட்டி. இரு தரப்பாரும் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, அதைக் கேட்டுக் கேட்டு ஆடலாம். எதிரே உலகப் பட்டம் வென்றவரான கார்ப்போவ். ஆனந்த் 5-1 என்று ஜெயித்தார். மிசினிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் தானே முடிவு செய்வது என்பதில்தான் வித்தை இருந்தது. அதன் பிறகு 2000, 2007, 2008, 2010, 2012 என்று உலகப் பட்டம். 2017ல், 48 வயதில், ரியாத் நகரில் உலக விரைவுச் சதுரங்கப் பட்டம். 15 சுற்றில் ஓர் ஆட்டமும் தோற்கவில்லை! அந்த வயதில் பலருக்குக் கண்ணாடி இல்லாமல் செய்தித்தாள் படிப்பதே சிரமம்.

இப்போது நமக்குப் பக்கத்து வீட்டுக் கதை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். நம் மலையிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரம்தான். சென்னைப் பையன் குகேஷ் சீனாவின் டிங் லிரனை ஏழரைக்கு ஆறரை என்று வென்று, 18 வயதில் உலக வீரரானார். கடைசி, பதினாலாவது ஆட்டம். சமநிலையில்தான் முடியும் என்று எல்லோரும் நினைத்திருந்த நேரம். 55வது நகர்த்தலில் டிங் தன் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். உலகெங்கும் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கைப்பேசிகள் அந்தக் கணமே தவறைக் காட்டிவிட்டன. மேடையில் கைப்பேசி கிடையாது. அந்தப் பையன் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தார்.

இந்தக் குகேஷைப் பற்றி ஒரு செய்தி, தகப்பனார்கள் கவனிக்க வேண்டியது. அவருடைய ஆசான் விஷ்ணு பிரசன்னா, பையன் சிறுவனாக இருந்த ஆண்டுகளில் கம்ப்யூட்டரை அவன் பக்கம் அண்ட விடவில்லை. மற்றப் பிள்ளைகள் விடையை மிசினைக் கேட்டுத் தெரிந்துகொண்ட வயதில் இவர் பலகையின் முன் உட்கார்ந்து தானே கணக்குப் போட்டார். 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். மிசின் பிறகுதான் வந்தது. எல்லாப் பிள்ளைக்கும் அதே முறைதான் சரி என்று நான் சொல்ல வரவில்லை. மிசினோடு வளர்ந்து சிகரம் தொட்டவர்களும் பலர். ஆனால் பையன் கைப்பேசியோடு ஐந்து நிமிட ஆட்டம் ஆடி, தோற்று, உடனே மறு ஆட்டம் தொடங்கி, மறுபடி தோற்று, பத்தாவது தோல்வியோடு படுக்கப் போகிறானே, அதில் அவன் கற்றது என்ன? மனிதருக்கு எது மிகவும் குறைவோ அந்த வேகத்தில், எதற்கு எல்லையே இல்லையோ அந்த மிசினோடு மோத விட்டிருக்கிறோம். இஸ்கியாவில் ஆனந்தே தோற்ற இடம் அது.

ஆகவே ஒரு சின்ன யோசனை. வீட்டிலேயே ஓர் இஸ்கியா நடத்திப் பாருங்கள். கைப்பேசி ஆட்டத்தில் மிசினின் பலத்தைக் குறைத்து வைக்க வசதி உண்டு. பையன் சில சமயம் ஜெயிக்கும் அளவுக்கு வையுங்கள். வெள்ளிக்கிழமை ஐந்து நிமிட ஆட்டம் நான்கு. சனிக்கிழமை கால் மணி ஆட்டம் இரண்டு. ஞாயிற்றுக்கிழமை, பசியாறிவிட்டு, பலகையில் உண்மையான காய்களை அடுக்கி, ஆளுக்கு ஒரு மணி நேரம். மிசின் காட்டும் நகர்த்தலை நீங்கள் பலகையில் நகர்த்திக் கொடுங்கள். எல்லா ஆட்டத்தையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள். எந்த நாளில் பையன் அதிகம் எடுத்தான், எந்த நகர்த்தலில் நழுவினான் என்று அவனே சொல்வான். மிசினைக் கேட்பதற்கு முன் அவனைக் கேளுங்கள்.

பக்கத்து வீடுகளிலும் சதுரங்கப் பிரியம் உள்ள பிள்ளைகள் இருந்தால் இன்னும் நல்லது. தோட்ட மண்டபமோ கோயில் திண்ணையோ போதும். பத்துப் பிள்ளைக்கு ஒரே பலகை இருந்தாலும் குறையில்லை. தால் கழகத்துச் சட்டத்தைப் போட்டுவிடுங்கள். ஜெயித்தவன் உட்காரட்டும், தோற்றவன் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போகட்டும்.